மிஸ்டர் வரதராஜா

வென்ட்வேர்த்வில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி கஜீவனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீ சுகமில்லை என்று உன் பெண்சாதி ஹம்சா சொல்லிவிட்டாள், அதனால் அதை விசாரித்து எழுத வேண்டியதில்லை. போன் அடித்தால் அவள்தான் எடுக்கிறாள். மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதுதான் கடிதம் எழுதுகிறேன்.

அத்தானுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பிக்கு அந்த வேலை சரிவந்திட்டுதோ?" என்று இரண்டு நாளைக்கு ஒருதரம் கேட்கிறார். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன், ஆனால் என் பொய்ச் சரக்கு முடிந்துகொண்டு வருகிறது.

தங்கமும் காசும் பூட்டி வைத்துக் காக்கிற அந்தக் கம்பனியில் வேலை ஏறக்குறையக் கிடைத்த மாதிரி என்று தைப்பொங்கலன்று சொன்னாய். நேர்முகம் முடிந்து, பழைய வேலைத்தலத்திலும் விசாரித்து, கடைசியில் பொய் பிடிக்கும் மெசினுக்கு முன்னால் இருத்தினார்களாமே. நெஞ்சைச் சுற்றிக் குழாய், விரலில் வயர், கையில் பிரஷர் பட்டி. வேலை செய்த இடத்தில் எப்போதாவது களவெடுத்தீர்களா என்று கேட்டார்களாம். இல்லை என்றாயாம். பொய் என்று மெசின் சொன்னதாம்.

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் கோபம் வந்தது. உன் பொய்யைப் பிடிக்க மெசின் எதற்கு, உன் காது போதாதா? ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய பிளாட்டில், விருந்துக்குச் சுட்டு வைத்த ரோல்ஸில் இரண்டைக் காணவில்லை என்று அம்மா தேடினாரே, ஞாபகமா? தெரியாது என்றாய். காது இரண்டும் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்து நின்றன. அப்பா சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். "இவன் களவெடுக்கப் போனால் வீட்டுக்காரனைத் தட்டி எழுப்பிச் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பான்" என்றார்.

அந்தப் பிளாட்டை நினைத்தால் எனக்கு அதே வயது வந்துவிடுகிறது. பரமட்டா ரயில் போகும்போது குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் எல்லாம் கிலுகிலுக்கும். அப்பா கதையை நிறுத்தி, ரயில் போய் முடியும்வரை வாயைத் திறந்தபடி காத்திருப்பார். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அம்மாவும் நீயும் நானும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

அவரோடு கடைக்குப் போகத்தான் எங்களுக்கு வெட்கம். ஒரு கடையில் வாங்கிய சாமானோடு அடுத்த கடைக்குள் போனால், ஒருவரும் கேட்காமலே பையைத் திறந்து காட்டுவார். கறிவேப்பிலைக் கட்டைக்கூட வெளியே எடுத்து வைப்பார். கடைப் பெண் பரவாயில்லை என்கிற மாதிரி "யூ ஆர் ரைட், லவ்" என்று சொன்ன பிறகுதான் அடி எடுத்து வைப்பார். அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊரில் இருந்த காலம், நீ அப்போது சின்னவன். றோட்டில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் அடையாள அட்டையைப் பார்த்து "வரதராஜா" என்று கூப்பிட்டார்கள். அப்பா உன் கையை விட்டுவிட்டு உள்ளே போனார். பக்கத்து வீட்டு அன்ரி உன்னை இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் அழுதபடி எங்களிடம் ஓடி வந்தார். நீ றோட்டுக் கரையில் குந்திவிட்டாயாம். "அப்பா வந்தால்தான் வாறன்" என்றாயாம். பொழுதுபடும் நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தீர்கள். அப்பாவின் சட்டையில் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை.

ஹம்சா சொன்ன இன்னொன்றைக் கேட்டுத்தான் மெசின் ஏன் அப்படிச் சொன்னது என்று எனக்கு விளங்கியது. அந்த மெசின்காரர் திரையைத் திருப்பி உனக்குக் காட்டினாராமே. முதல் கேள்வி, சும்மா பழக்கத்துக்குக் கேட்கிறது: உங்கள் பெயர் மிஸ்டர் வரதராஜாவா? ஓம் என்றிருக்கிறாய். அதற்கே கோடு உச்சிக்கு ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் மிஸ்டர் வரதராஜா, மிஸ்டர் வரதராஜா. தம்பி, பூட்டின அறைக்குள் ஓர் உத்தியோகத்தர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் களவெடுத்தாயா என்று கேட்டால் உன் நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்? தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுவது எங்கள் வழக்கம், அதை இங்கே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லவேண்டும்.

நீயோ, மெசின் சொன்னதை மறுத்துப் பேச அவர்கள் தந்த வெள்ளிக்கிழமை முறையீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறாயாம். பெயரை மாற்றிப் பதியப் போகிறேன், இனிக் கஜீவன் மட்டும் போதும் என்றும் சொன்னாயாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கலியாணம் கட்டின நாளோடு அந்தப் பெயரை விட்டுவிட்டேன். அப்பா இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. போன வருடம் நீங்கள் இருக்கிற கிரெய்கிபர்னில் உன்னோடு டொக்டரிடம் வந்தேனே, நேர்ஸ் கதவைத் திறந்து "மிஸ்டர் வரதராஜா" என்று கூப்பிட்டாள். நீ எழும்பினாய். நானும் எழும்பிவிட்டேன். உனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, உனக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டாய். நான் ஏன் எழும்பினேன் என்று அன்று உனக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டில் அப்பாவின் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டுக் கேட்பதென்றால் அது உன்னால் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை போ. நடந்ததைச் சொல். கஜீவன் என்று கூப்பிட்டுத் திரும்பவும் கேட்கச் சொல், எத்தனை தரம் வேண்டுமென்றாலும் கேட்கட்டும். வேலை தராவிட்டால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம். ஆனால் பொய் என்று எழுதின இடத்தில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டு எழும்பி வந்துவிடாதே. அன்றைக்கு ஆமிக்காரனுக்கு முன்னாலேயே குந்தியிருந்தவன் நீ.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, தம்பி.

அன்புடன்,
உன் அக்கா,
வரதராஜா சுஜீவா