தேயிலை வெள்ளத்துல முக்கின லேஸ்

குளத்தூர்
14-7-96, ஞாயிறு

ஆமா மக்கா, அது தேயிலை வெள்ளம்தான். ஒனக்க ஐரிஷ்காரி மோந்து பாத்து கண்டுபிடிச்சது செரியாக்கும். அதுக்காவ அப்பன் கள்ளன் எண்ணு நாலு பக்கம் எழுதணுமா. அதுல மூணரைப் பக்கம் எனக்கு ஏச்சு, மிச்ச அரையிலதான் கொச்சுக்கு பல்லு முளைக்குத சேதி. இங்க நாங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டுட்டு உண்டு. மஸ்கட்டுல நீயும் மருமவன் பினுவும் கொச்சும் சொகமா இருக்கணும் எண்ணு தெனமும் கர்த்தர்கிட்ட பறையுதேன். சொகம் கேட்டாச்சு, இனி வழக்குக்கு வாறேன்.

ஒனக்க ஞானஸ்நான உடுப்புல அம்மை வச்சுத் தந்த ஐரிஷ் லேஸ் போலயே, அதே பழைய மாதிரியில, கொச்சுக்கும் ஒண்ணு வேணும் எண்ணு நீ கேட்டே. நான் அனுப்பினதை பழசுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தியாம். ஒங்கூட வேலை பாக்குத அந்த அயர்லாந்து நர்ஸ் திருப்பிப் போட்டுப் பாத்தாளாம். இதழுக்க உள்ள தடிச்ச நூலு ஓடுது, அதனால மெஷின்ல அடிச்சது இல்லே, கையில பின்னினதுதான் எண்ணு சொன்னாளாம். ஆனா பழசுல ரோசாவுக்கு இடையில மூணு மடல் இலை உண்டு, இதுல ஒரு இலைகூட இல்லே. ரோசா பின்னின கை வேற, நடுவுல வலை கெட்டின கை வேற. முதுகுப் பக்கம் ஒளிஞ்சு கெடக்க வேண்டிய முடிச்செல்லாம் மொகத்துல துருத்திட்டு நிக்குது. அம்மை மடி பிடிச்சு, சோம்பல்ல பாதியை கூட லேஸ் பின்னுத ரத்னபாய் அக்காகிட்ட தள்ளிட்டா, நான் அதை சாயாவுல முக்கி ஒன்னை ஏமாத்தினேன், அதனால ஆகஸ்ட் நாலாம் தேதி ஞானஸ்நானத்துக்கு கொச்சுக்கு இதை இடமாட்டேன் எண்ணு எழுதினே. ஐரிஷ்காரி கெட்டிக்காரி. சொன்னதெல்லாம் செரி. நீ சொன்ன ரத்னபாய் மட்டும் தப்பு. அந்த ரெண்டாவது கை எனக்க கையாக்கும்.

சிரிக்காதே. முப்பது வருஷம் பாறசாலை ஜங்ஷன்ல சைக்கிளுக்கு ஸ்போக் கெட்டின கைதானே. கலியாணம் கெட்டின புதுசுல ஒடஞ்ச ஸ்போக்கை ராவி அவளுக்குப் பின்னுத கொக்கி ஊசி செய்து கொடுத்ததும் நான்தான். அதைக் கையில எடுத்தா, இண்ணு தூண்டில்ல எத்தனை மீனு மாட்டிச்சு எண்ணு களியாக்குவேன். அவ நீலத்துணியில பூவெல்லாம் பரத்தி தையல் போட்டு நிறுத்துவா, பெறவு இடையில வலை பின்னுவா. அவ்வளவுதானே எண்ணு நெனச்சு நானும் பரத்தினேன், பூ மேல பாத்து சிரிச்சிட்டுக் கெடக்கணும் எண்ணு. பூவை குப்புறப் போட்டுத்தான் கெட்டணும் எண்ணு ஒனக்க காயிதம் வந்தப்புறம்தான் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்துல இருந்து களியாக்கத் தெரிஞ்சுது, அவ பூவை எப்படிப் போடுதா எண்ணு ஒரு நாளாவது கண்ணு வச்சுப் பாக்கல்லே.

நான் எதுக்குக் கெட்டினேன் எண்ணு நீ கேப்பே. மக்கா, அம்மைக்கு ஓர்மை போச்சு, ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல்லே. போன வருஷம் நோம்பு காலத்துல தொடங்கிச்சு. கோயிலுக்குப் போனவ திரும்பி வர வழி தெரியாம ரெயில் ஸ்டேஷன்ல போய் இருந்தா. திருவனந்தபுரத்துல டாக்டர் பாத்துட்டு, இது கூடத்தான் செய்யும், கொறையாது எண்ணு சொன்னாரு. கனகதாஸுக்க கடைக்கு நீ போன் பண்ணினப்பம் எல்லாம் அம்மை குளிக்குதா, அம்மை ஜெபக் கூட்டத்துக்குப் போனா எண்ணு பறஞ்சது பொய்யாக்கும். நீ அப்பம் வயித்துப்பிள்ளைக்காரி. பெறவு பறையலாம், பெறவு பறையலாம் எண்ணு தள்ளினேன். எதையும் சிரிச்சுச் சொல்லுத எனக்கு இதைச் சொல்ல மட்டும் ஒரு களி வரல்லே.

கை மட்டும் மறக்கல்லே அவளுக்கு. ரோசா பின்னுவா. ஒண்ணு முடிஞ்சா பிஸ்கட் டின்னுல போட்டுட்டு அடுத்தது தொடங்குவா. இலை மறந்து போச்சு, சேத்துக் கெட்டுததும் மறந்து போச்சு. ஒனக்க கொச்சுக்கு எண்ணு சொன்னா, ஆருக்க கொச்சு எண்ணு கேப்பா. ஆனா பூவை எண்ணிப் பாரு, பதினாறும் அவ கையாக்கும். வெள்ளையா இருந்தா ஒனக்க பழசோட சேராதே எண்ணுதான் கட்டன்சாயா போட்டு முக்கினேன். முந்தாநாளு என்னைப் பாத்து, பெரியவரே நீரு ஆரு எண்ணு கேட்டா. ஒன்னைப் பெண்ணு கேக்க வந்தவனாக்கும் எண்ணு சொன்னேன். எனக்கு கெட்டினவன் உண்டு, சைக்கிள் கடைக்காரன், வந்தா ஒம்ம காலை ஒடிப்பான் எண்ணு சொன்னா. அவனை எனக்கும் தெரியும், வாய்ச்சவடால்காரன் எண்ணு சொன்னேன். அவனைக் கொறை பறையாதேயும் எண்ணு மொகத்தைத் திருப்பிட்டு இருந்தா. அண்ணு ராத்திரி நான் சோறு திங்கல்லே மக்கா.

எனக்க வலை கொள்ளாது, மோசம் எண்ணு எனக்கும் தெரியும். ஐரிஷ்காரி கையில கொடு, வலையை அறுத்துக் களஞ்சிட்டு செரியா கெட்டித் தரச் சொல்லு. பூவுல மட்டும் கத்திரி படக்கூடாது. கொச்சுக்கு அதை இடு. லீவு கிட்டினா வா. அவ தெனமும் ஒன்னைத் தேடுதா, ஆனா அவ தேடுதது ரெட்டைப் பின்னல் போட்ட எட்டு வயசு பிஜியை. அதை மனசுல வச்சுட்டு வா. நாலாம் தேதி கொச்சுக்க தலையில தண்ணி விழும்போ கர்த்தர் அவளையும் ஒங்களையும் கையில ஏந்தட்டும். இதை ஒவ்வொரு வரியா அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் எழுதுதேன், மடியில நூலோட கேட்டுட்டு இருக்கா. அவளுக்கு நீ தனியா ஒரு காயிதம் எழுதணும், அதுல

முன்ன வாசிச்ச ஒனக்க பேரு இப்பம்தான் அவ மனசுல ஏறிச்சு போல, எழும்பிட்டா. மணி நாலாச்சு, பிள்ளைக்கு ஸ்கூல் விடும், மழை வருது எண்ணு சொல்லி கொடையை எடுத்துட்டு எறங்கிட்டா. இண்ணு ஞாயிறு எண்ணு விளிச்சுப் பறஞ்சேன், திரும்பல்லே. நூலுக்க நுனி அவ சேலையில மாட்டி பந்து இங்க கெடந்து உருளுது. நூலு அறுபடுததுக்கு முன்ன நான் பின்னால போணும்.

அப்பன்
பொன்னுதாஸ்