நீலம் பூசிய கண்கள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். தெருப் பெயரும், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு என்ற அடையாளமும்தான் என்னிடம் இருக்கின்றன. என் அப்பாவைப் பெற்றவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த விலாசம் அது.

அவர் ஒரு துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. நாங்களும் அவரை ஆயா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். துரை குடும்பம் சொந்த நாட்டுக்குக் கப்பலேறியபோது அவரையும் கூட்டி வந்தது. ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கணவரையும் மூத்த மகனையும் விட்டுவிட்டு வந்தாராம். கப்பலேறும்போதே வயிற்றில் என் அப்பா. இங்கே வந்து பிறந்தார். ஆயா திரும்பவேயில்லை. ஏன் என்று கேட்டால், "கதவைச் சாத்திட்டாங்கம்மா" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

போன மாதம் அந்தத் துரையின் பேத்தி என்னைத் தேடி வந்தாள். குடும்ப வரலாறு எழுதுகிறாளாம். என் அப்பா அவள் தாத்தாவுக்குப் பிறந்தவர் என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டாம். "நாம சொந்தம்" என்று கட்டிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவரும் மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் கொடுத்தோம். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வந்துவிட்டது.

அப்படியானால் என் அப்பா யார் பிள்ளை? அவர் காலமாகிவிட்டார். ஆயா விட்டுவந்த மூத்த மகன் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாரா? தெரிந்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர்

மார்ச் 29

அம்மையீர்,

கடிதம் சரியான வீட்டுக்குத்தான் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அந்த மூத்த மகன் என் அப்பா. தொண்ணூறைத் தாண்டிவிட்டார். காது மந்தம், கோபம் மட்டும் குறையவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். பயணிகள் கப்பல் வரும் நாளில் வேறு ஆளோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வார். சரக்குக் கப்பல்தான் அவருக்குக் கப்பல்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் போட்டார். அப்படி ஒரு படம் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. நாற்காலியில் துரைசாணி, சுற்றி மூன்று பிள்ளைகள். கடைசியில் நிற்பது உங்கள் அப்பாவாம். ரோஜாப்பூக் கன்னம், பளிச்சென்ற நீலக் கண். அக்கரையிலிருந்து வந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் தாத்தா, "இங்கே உன்னைத் தேட ஆளில்லை" என்று ஒரே வரி எழுதிப் போட்டாராம்.

"கண்ணப் பாருடா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இந்தத் துரை இல்லைன்னா வேற துரை" என்றார் அப்பா.

நான் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். பழையதைக் கிளற எனக்கு நேரமில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அவர் மகன்

ஏப்ரல் 17

தம்பி,

அறுபதாகப்போகிறது எனக்கு. உங்கள் கோபத்தைப் பார்த்தால் என்னைவிடச் சின்னவராகத்தான் இருக்க வேண்டும். தம்பி என்றது பிடிக்காவிட்டால் திட்டி எழுதுங்கள், பதிலாவது வரும்.

என் அப்பாவுக்குக் கறுப்புக் கண்கள். நல்ல கறுப்பு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேரே துரையின் பேத்தி வீட்டுக்குப் போனேன். அதே படம் அவளிடம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. நகல் வைத்திருக்கிறேன். அப்போது வண்ணம் வேண்டுமென்றால் தூரிகையால் பூசுகிற கடைக்கு அனுப்புவார்களாம். அந்தக் கடைக்காரர் பிள்ளைகளை எங்கே கண்டார்? துரைசாணியைச் சுற்றி நிற்பதெல்லாம் அவள் பிள்ளைகள் என்று நினைத்து, மூன்று பேருக்கும் ஒரே நீலத்தை வைத்துவிட்டார். அதைத்தான் துரைசாணி பரிசு என்று உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆயா அந்த வண்ணப் படத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். எதற்காகக் கதவைச் சாத்தினார்கள் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார், தம்பி.

பெரியப்பா இதையும் நம்பமாட்டார். அதனால் ஒரு குழாய் அனுப்புகிறேன். கொஞ்சம் எச்சில் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா

மே 9

அக்கா,

உங்கள் நகலைப் பூதக்கண்ணாடி வைத்து அப்பா வெகுநேரம் பார்த்தார். குழாயை நீட்டினேன்.

"துப்பத்தானே கேக்குறா? எங்கம்மா மூஞ்சில துப்பணும்னு சின்ன வயசுலேர்ந்து சேத்து வச்சிருக்கேன். குடு" என்றார்.

வாங்கிக்கொண்டார். ஆனால் எச்சில் வரவில்லை. வாய் காய்ந்துபோயிருந்தது. தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று குழாயோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. குழாயைப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார். ஒருவழியாகக் கொடுத்தார். இன்று அனுப்பிவிட்டேன்.

தம்பி

ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டது. பாதி உறவு இல்லை, முழு உறவு. பெரியப்பாவும் என் அப்பாவும் ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்தவர்கள். நான் குதித்திருக்க வேண்டும். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

பெரியப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆயா என் அப்பாவைக் கூப்பிடும்போதெல்லாம் முதலில் பெரியப்பா பெயர்தான் வாயில் வரும். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். கடைசிவரை அப்படித்தான். 1980-ல், நான் பஸ் ஓட்டச் சேர்ந்த வருஷம் போனார். கடைசி வாரம் திருத்தக்கூட இல்லை.

உங்கள் அக்கா

ஜூலை 12

அன்புள்ள அக்கா,

காதுக் கருவியை மாட்டிவிட்டுப் படித்தேன். முடிவைக் கேட்டு அப்பா தலையாட்டினார், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்ற இடம் வந்ததும், "அத மறுபடி படி" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

பிறகு, "எங்கம்மா எப்பச் செத்தான்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். வருஷத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் துறைமுகத்துல வேலையிலதான இருந்தேன்" என்றார்.

ஆமாம்ப்பா என்றேன். வண்ணப் படத்தை எடுத்து, கடைசிப் பிள்ளையின் கண்களைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அந்த நீலம் போகவில்லை. துணி கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

நீங்கள் வர வேண்டும் என்று நானே எழுதுகிறேன். அவர் வாயால் அழைக்கமாட்டார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது துறைமுகம் தெரிகிற ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்து அது திறந்ததே இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"ஆயுசு பூரா கப்பலுக்குக் கீழேயே நின்னேன்டா. ஒரு தடவை ஏறியிருக்கலாம்."

உங்கள் தம்பி