தபால்காரன் பாட்டுக்கு அட்டை போட்டது யார்

ஆலங்குடா
12.10.2025

அன்பு மகன் நிரோசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அன்னம்மாள் தாயின் காவலில் நானும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை பிடித்து நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்த இத்தாலிக் குளிரில் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இது அம்மாவின் கை அல்ல, என் கை. கத்தரினா ரீச்சர் புதன்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் என்னைப் போன்ற கிழடுகள் பத்துப் பேரை இருத்திப் படிப்பிக்கிறார் என்று உனக்குத் தெரியும். எழுபத்து மூன்று வயதில் நான்தான் வகுப்பில் கெட்டிக்காரன், இதை ரீச்சர் வாயால் சொல்லமாட்டார், ஆனால் மற்றவர்களின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு நாள் போகிறது, போகட்டும், கடலுக்கா போகிறேன்.

நீ போய் இருபது வருசமாக உனக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியவை. போன மாதம் அலுமாரிக்குள் அனுப்பாமல் விட்ட பழைய கடிதம் ஒன்று கிடந்தது, வாசிக்கத் தெரியும் என்ற புளுகத்தில் துள்ளிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் அரை மணித்தியாலம் இருந்து உன்னை ஏசியது எனக்கு நல்ல ஞாபகம். அம்மா எழுதி வைத்திருப்பது, அப்பா சுகம், உன்னை அடிக்கடி விசாரிப்பார். இவ்வளவுதான். இருபது வருசமாக நான் ஏசிய ஏச்செல்லாம் எங்கே போனது என்று இப்போதுதான் விளங்குகிறது. தொலைபேசியிலும் கதைக்க வழியில்லை, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னிடம் கேட்கிற கேள்விக்கும் அவளே பதில் சொல்லி முடித்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் எங்களுடைய ஐம்பதாவது கலியாண நாளுக்கு வந்து மண்டபத்தில் பெரிதாகச் செய்யப் போகிறேன் என்றாய், சந்தோசம். அதற்கு எங்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளை எழுதி அனுப்பச் சொன்னாய். நீயாகத் தேடித் தொலைபேசிக்கு அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். பாட்டு பழையதுதான், ஆனால் யாரோ அதற்குள் புதிதாகத் தகரம் அடித்திருக்கிறார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓடி விளையாடுகிற வெள்ளைக்காரர்களின் ஹோட்டல்களில் பின்னேரத்தில் இந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்குத் தலையிடி, அதையே நீ காசு கொடுத்து வாங்கி அனுப்பாதே. அசல் பாட்டாகத் தேடு.

சரி, நானே எழுதுகிறேன் என்று கொப்பியோடு உட்கார்ந்து அம்மாவைக் கேட்டேன். மகனே, கிழிந்த வலை பொத்துவது இதைவிட லேசு. முதல் பாட்டு என்று அவள் சொன்னது மேகத்துக்குள் நிலா ஒளிகிற பாட்டு. அந்தப் பாட்டு வந்தால் நான் றேடியோவை நிறுத்திவிடுவேன். நீ பிறக்க இருந்த அன்று மாம்புரி வெங்காய லொறியில்தான் அம்மாவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சாரதியிடம் இருந்தது ஒரே கசெட், அதில் ஓடியது அந்த ஒரு பாட்டுத்தான், ரோட்டுக் குழி ஒவ்வொன்றிலும் அம்மா கத்த, சாரதி அவள் சத்தம் கேட்காமல் இருக்கப் பாட்டைக் கூட்ட, நான் வெங்காய மூட்டைக்கு மேல் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு போனேன். இது ஒரு பாட்டா என்று கேட்டேன். என்ட பிள்ளை பிறந்த பாட்டு, உங்களுக்கு என்ன தெரியும், நோவு எனக்கா உங்களுக்கா என்றாள். எழுதினேன். இரண்டாவதாகச் சொன்னது சிங்களப் பாட்டு ஒன்று, கரைவலை இழுக்கிறவர்களின் ஓலை வாடியில் சிங்கள ஆட்கள் கூழ் காய்ச்சும்போது பாடுவது. பாதியில் தனக்கே சொற்கள் வரவில்லை என்று அதை வெட்டச் சொன்னாள், வெட்டினேன், பிறகு ஏன் வெட்டினீங்க என்று கேட்டாள், திரும்ப எழுதினேன். இப்படியே ஒரு கிழமை. அக்கா அனுஷ்கா மாம்புரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அப்பா பரீட்சை எழுதுறார் போல என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது பாட்டுக்குச் சண்டை இருக்காது என்று நினைத்தேன். மழையில் நனைந்து வருகிற தபால்காரன் பாட்டு. அந்தக் கதையை நான் சொல்லி நீ நூறு தரம் கேட்டிருப்பாய், இருந்தாலும் மருமகளும் வாசிப்பாள், அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். எழுபத்தைந்தாம் ஆண்டு தலவில அன்னம்மாள் கோவில் திருவிழாவில் அம்மாவைக் கண்டு இரண்டு வார்த்தை கதைத்தேன், அதன் பிறகு பெண் கேட்கத் துணிவு வரவில்லை. அவளுக்கோ சிலாபத்தில் ஒரு கிளாக்கரை மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் றேடியோவுக்குத் தபாலட்டை போட்டால் பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்பவர்களின் பெயரை வாசிப்பார்கள். எனக்கு எழுதத் தெரியாது. கற்பிட்டியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த சாஹுல் ஹமீதைப் பிடித்து அட்டை எழுதச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, விரும்பிக் கேட்பவர்கள் ஆலங்குடா அன்ரனிப்பிள்ளை, தலவில மக்டலின் என்று றேடியோவில் வந்துவிட்டது. கரை முழுக்கக் கேட்டது. உன் அம்மப்பா பின்னேரமே எங்கள் வாடிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நீயாடா றேடியோவுக்குக் காட் போட்டது என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தக் கரையில என்ட முகத்துக்கு நேர ஓம் சொன்ன பொடியன் நீ ஒருத்தன்தான் என்றார். தை மாதம் கலியாணம். சாகக் கிடக்கும்போதும் என் கையைப் பிடித்துத் துணிவான பொடியன் என்றுதான் சொன்னார். நான் போகாத கலியாண வீடும் இல்லை, இந்தக் கதையைச் சொல்லாத கலியாண வீடும் இல்லை.

இப்போது கேள். அந்த அட்டையில் இருந்த வசனத்தை அப்படியே என் கையால் பெரிய எழுத்தில் எழுதி மண்டபத்தில் தொங்கவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கற்பிட்டிக்கு பஸ் ஏறிப் போய்ச் சாஹுல் ஹமீதிடம், மச்சான், அன்றைக்கு என்ன எழுதினாய், சொல்லு என்றேன். அவன் தொப்பியைக் கழற்றினான், போட்டான், தேத்தண்ணி குடி என்றான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான், மச்சான், வல்லாஹி, அந்தத் தபால் காட்டை நான் போடவே இல்ல. எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தானாம், உம்மா சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிட்டாவாம். எனக்குச் சொல்ல வெட்கப்பட்டு நாளைக் கடத்தினானாம். அதற்குள் றேடியோவில் பெயர் வந்துவிட்டது. நான் ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு முழு அறக்குளா மீனைக் கொடுத்தேனாம். மீனைத் திண்ட வாயால எப்படிச் சொல்றது மச்சான் என்கிறான். மற்றது, நீ எழுதச் சொன்னது வளையல் தொலைஞ்ச பாட்டு, வந்தது தபால்காரன் பாட்டு, அதை நீ யோசிக்கவே இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். நான் யோசிக்காமல் இல்லை, அவர்களிடம் அந்த இசைத்தட்டு இருந்திருக்காது, அதனால் வேறொன்றைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருசமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தபால்காரன் பாட்டு யாருக்குப் பிடிக்கும் என்று பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. ஓம், நான்தான் போட்டன் என்றாள். ஏழாம் வகுப்புப் படித்தவள், தன் கையாலேயே எழுதி, தலவிலத் தபால் பெட்டியில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று புத்தளம் வரைக்கும் போய்ப் போட்டிருக்கிறாள். நீங்க வருவீங்க என்று பார்த்துக்கொண்டு இருந்திருந்தா நான் சிலாபத்துக்குப் போயிருப்பன் என்றாள். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, தெரிஞ்சிருந்தா என்ட ஐயா வந்து கேட்ட உடனே இல்லை என்று சொல்லியிருப்பீங்க, பொம்பிளைப் பிள்ளை தானாகப் போட்ட காட் என்று வெளியில வந்தா அன்றையோட என்ட கதை முடிஞ்சிருக்கும் என்றாள். கலியாணத்துக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவ்வளவு புளுகத்தில சொல்லித் திரிஞ்சீங்க, நான் ஏன் இடையில வர என்றாள். சண்டை பிடிக்கவும் இடம் வைக்காத மனுசி. இரண்டு நாள் நான் கதைக்கவில்லை, அவளுக்கு அது தெரியவும் இல்லை.

இதுதான் என் இடைஞ்சல். மண்டபத்தில் நீ எனக்கு மைக்கைத் தருவாய், இருநூறு பேர் அந்தக் கதைக்குக் காத்திருப்பார்கள். எனக்கு இப்போது உண்மை தெரியும். உண்மையைச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கூடாது என்கிறாள். ஐயா மண்ணுக்குள் போய் முப்பது வருசம், கடைசி வரைக்கும் தன்ட மகள் ஒன்றும் அறியாதவள் என்று நம்பின மனுசன், அவருடைய சகோதரங்களின் பிள்ளைகள் எல்லாம் வந்திருப்பார்கள், அவங்களுக்கு முன்னால அவரை விசரன் ஆக்கக் கூடாது என்றாள். அப்படியென்றால் நான் வாய் திறக்கமாட்டேன், கதையும் வேண்டாம், அந்தப் பாட்டும் வேண்டாம் என்று கொப்பியில் அதை வெட்டினேன். அவள் கொப்பியை வாங்கி, வெட்டினதுக்கு மேலே தன் கையால் திரும்ப எழுதினாள். காட் போட்டது யாராகவும் இருக்கட்டும், ஐயாவுக்கு முன்னால நிண்டு ஓம் சொன்னது நீங்கதானே, அதைச் சொல்லுங்க, அதில பொய் இல்லை என்றாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இவ்வளவு நாளும் சனத்தைப் பார்த்துச் சொன்னீங்க, இந்த முறை என்னைப் பார்த்துச் சொல்லுங்க என்றாள். அவ்வளவுதான், எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகளுக்கு வாயால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, நான் எழுதுவேன் என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. நீயும் தெரிந்தது போல் காட்டிக்கொள்ளாதே, தொலைபேசியில் உளறி என்னைக் காட்டிக் கொடுக்காதே, மருமகளிடமும் சொல்லி வை. அக்காவுக்குச் சொல்லாதே, மாம்புரி முழுக்கப் போய்விடும்.

மூன்று பாட்டும் இதோடு இருக்கிற தாளில் இருக்கிறது, தபால்காரன் பாட்டுக்கு நேரே இரண்டு கையெழுத்து இருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, விமானச் சீட்டைக் கடைசி நேரம் வரைக்கும் இழுக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. அன்னம்மாள் தாய் உங்கள் இருவரையும் கையில் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விடட்டும். மறக்காமல் ஒன்று, நான் மைக்கில் பேசும்போது எல்லாரும் என்னைத்தான் படம் பிடிப்பார்கள், நீ பிடிக்காதே. நான் ஓம் என்று சொல்கிற இடத்தில் உன் அம்மாவின் முகத்தைப் பிடி. எனக்கு அதைப் பிறகு தனியாக இருந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை ஏசவும் ஆசீர்வதிக்கவும் இனி யாரையும் கேட்கத் தேவையில்லாத அப்பா,
வ. அன்ரனிப்பிள்ளை