குட்டி லேப்டாப்பில் இருந்த ஒன்பது விண்ணப்பங்கள்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? உன் தோள் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது என்று போனில் எரிந்து விழுந்தேனே, நான் ஊரிலிருந்து எடுத்து வந்த உன் குட்டி லேப்டாப், அதற்கு உயிர் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் கிடங்கின் எலக்ட்ரீஷியன் அண்ணன், பழைய கம்ப்யூட்டருக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இப்போது சிட்டாகப் பறக்கிறது.

போடுவதற்கு முன், "எல்லாம் அழிஞ்சிடும், உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கங்க" என்றார்.

"அவ படிச்ச காலத்துக் குப்பைதாண்ணே, அழிங்க" என்றேன்.

அவர் விடாமல் திறந்து காட்டினார். பள்ளிக்கூடங்களுக்கு நீ எழுதிய ஒன்பது வேலை விண்ணப்பங்கள். எல்லாம் நம் கல்யாணத்துக்குப் பிறகு எழுதியவை. கடைசி விண்ணப்பத்தின் தேதி, "நீ சம்பாதிச்சுதான் இங்க அடுப்பு எரியணுமா?" என்று எல்லோர் முன்னாலும் நான் கேட்ட அதே வாரம். ஒன்றையும் நீ அனுப்பியிருக்க மாட்டாய். அனுப்ப விட்டவனா நான்?

"வீட்டுக்காரம்மா டீச்சரா?" என்று அண்ணன் கேட்டார். "ஆமா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பதையும் பத்திரமாக எடுத்த பிறகுதான் மற்றதை அழித்தோம். இத்துடன் இணைத்திருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். தேதியை மாற்றி ஒன்றையாவது அனுப்பு. என் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்? தினமும் குழைந்துபோகிறது. பாப்பா பேசுவதை ரெக்கார்ட் செய்து அனுப்பு, எதுவானாலும் சரி.

கிடங்குக்குப் போக வேன் வந்துவிட்டது. திட்டியாவது பதில் போடு.

உன் வீட்டுக்காரன்