உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு ஜெர்சி

அன்புள்ள எஞ்சின் அறை ராஜாவுக்கு,

தரையில் இருக்கும் உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் மகளும் நலம். நம் யூனிட்டில் தையல் மெஷின்களும் நலம், ஒன்றைத் தவிர. அது என்னைப் போல, சத்தம் அதிகம், வேலை குறைவு. உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று உங்கள் ஆபீஸில் சொன்னார்கள். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உங்களை முறைத்துக்கொண்டிருக்கும். என் வேலை மிச்சம்.

விஷயம் இதுதான். உங்கள் கப்பல் கம்பெனி ஆபீஸில் நம் மகளுக்காக நீங்கள் பேசி வாங்கின பயிற்சி வேலைக்கு அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டாள். மாதம் பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். பெட்டிகூடக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்தச் "சரிப்பா"வைக் கேட்டுக் கப்பல் முழுக்க மிட்டாய் கொடுத்தீர்களாமே! அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக விஷயத்துக்குப் போனால் நான் உங்கள் மனைவியே இல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன். கூடவே வாருங்கள்.

நீங்கள் கிளம்பும்போது மகள் ஆடிக்கொண்டிருந்த அதே ஆன்லைன் விளையாட்டைத்தான் இன்னும் ஆடுகிறாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் ஒரு கோட்டை. இவள் அணியில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஹெட்போனில் கத்திக்கொள்கிறார்கள். வீட்டில் பூனை மாதிரி நடக்கிற பெண்ணுக்கு அங்கே பெயர் "இடி". ஒரு நாள் சாயங்காலம் "பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான், போடு அவன!" என்று இவள் போட்ட கூச்சலில், கீழ் வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் துடைப்பமும் கையுமாக மாடியேறி வந்துவிட்டார். திருடன் எங்கே என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், "இடது பக்கம் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கானேம்மா, அவன விட்டுட்டியே" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமானால் அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டியிருக்கிறது. அவர் நடைப்பயிற்சிக்குப் போவதாக அவர் வீட்டம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. நானே ஆச்சரியப்படுகிறேன்.

விளையாட உட்காரும்போது ஜெர்சி போட்டுக்கொள்வாளே, அந்தப் பழக்கம் இப்போது முற்றிவிட்டது. தையல் கோணிப்போய் நாம் ஒதுக்குகிற ஜெர்சியெல்லாம் அவள் அலமாரியில்தான். "கட்டில்லேர்ந்து நாற்காலிக்குப் போறதுக்கு ஓட்டப்பந்தயச் சட்டை எதுக்குடி?" என்று கேட்டேன். "ஜெர்சி போட்டா முதுகு தானா நிமிருதும்மா. நைட்டியோட போய்க் கோட்டையப் பிடிக்க முடியுமா?" என்கிறாள். நான் நைட்டியோடுதான் ஒரு யூனிட்டையே நடத்துகிறேன் என்பதால் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கட்டிங் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். நான் தைக்கிற ஜெர்சியெல்லாம் யாருக்கு என்று கேட்டாள். விளையாடுகிறவர்களுக்கு என்றேன். "நின்னு விளையாடறவங்களுக்கா, உட்காந்து விளையாடறவங்களுக்கா?" என்றாள். உட்கார்ந்து விளையாடுவதற்கெல்லாம் தனியாக ஒரு சட்டையா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஒரு ஜெர்சியை என் தலை வழியாக மாட்டி, உட்கார வைத்தாள். மௌஸ் பிடிக்கிற மாதிரி கையை முன்னால் நீட்டச் சொன்னாள். அப்புறம் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

வயிற்றுப் பக்கம் துணி மடிந்து மடிந்து ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஆகிவிட்டதாம். அதில் துணியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை. பின்பக்கம் சட்டை மேலே ஏறி இடுப்பு காற்று வாங்குகிறதாம். கை முன்னால் போவதால் முதுகில் இழுக்கிறதாம். எண்ணையும் பெயரையும் நாம் முதுகில் அச்சடிக்கிறோமே, அது நாற்காலியோடு உரசி உரிந்துபோகிறதாம். "அங்க யாரும்மா படிக்கப்போறா, நாற்காலியா?" என்றாள். இத்தனை வருஷமாக ஜெர்சி தைத்து வயிறு வளர்க்கிறேன். நாற்காலியைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? ஓடுகிறவனையே நினைத்து நினைத்துத் தைத்தோம். உட்கார்ந்திருக்கிறவன் எண்ணிக்கை பெருகிக்கொண்டே வந்தது நமக்குத் தெரியவில்லை. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும், நானே அந்த ஜாதிதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு போட்டி வந்தது. ஒரு பெரிய ஹாலில் எல்லா அணிகளும் நேரில் வந்து ஆட வேண்டும். இவள் அணியில் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. சட்டை அளவை மெசேஜில் கேட்டு வாங்கினாள். ஒருவர் "நாற்காலி கொள்ளாத அளவு" என்று அனுப்பியிருந்தார். அதையும் கேள்வி கேட்டுக் கேட்டு அங்குலமாக்கினாள். காகிதத்தில் வரைந்து, பழைய துணியில் வெட்டி, அந்தப் போஸ்ட் மாஸ்டருக்கு மாட்டி உட்கார வைத்துப் பார்த்து, மறுபடி வரைந்து, கடைசியில் நீலத் துணியில் ஐந்து சட்டை வெட்டித் தைத்தாள். முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், கை இரண்டும் முன்னால் துருத்திக்கொண்டு. ஹேங்கரில் தொங்கவிட்டால் யார் கழுத்தையோ பிடிக்க வருகிற மாதிரி இருந்தது.

இனி வருவதைப் படிக்கும்போது பல்லைக் கடிக்காதீர்கள், போன தடவை கட்டின பல் அது. போட்டிக்கு முந்தின நாள் காலையில் அவள் கடைக்குப் போயிருந்தாள். தைத்ததையெல்லாம் சரிபார்க்கிற நம் செக்கிங் அக்காவைத்தான் தெரியுமே, கோணல் கண்ணில் பட்டால் கத்தரிக்கோல் தானாக எழுந்து வரும். ஐந்து சட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா தூக்கத்துல வெட்டிருக்கு போல. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்றார். நானும் பெரிய மனசு பண்ணி, "பாவம், நாளைக்குப் போட்டி. சரி பண்ணிடுங்கக்கா" என்றேன். தொங்கிக்கொண்டிருந்த பின்பக்கத்தையெல்லாம் முன்பக்கத்துக்குச் சமமாக நறுக்கி, மடித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டு அடுக்கிவிட்டோம். நன்றி வாங்கிக்கொள்ள இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.

வந்தாள். மேல் சட்டையை எடுத்துப் பிரித்தாள். "அம்மா, அந்த நீளம்தாம்மா சட்டையே" என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். செக்கிங் அக்கா அழுதுகொண்டே, "என் கைய வெட்டு பாப்பா" என்று கையை நீட்டினார். இவள், "உங்க கை வேணும்க்கா. அஞ்சு சட்டை இருக்கு" என்றாள்.

அதே நீலம் ஒரு முழம்கூட மிச்சமில்லை. காலருக்கு வைக்கிற ரிப் துணியில் மஞ்சள் மட்டும்தான் கிடந்தது. அதையே அகலமான பட்டையாக வெட்டி, பின்பக்கம் இடுப்போடு வைத்துத் தைக்கச் சொன்னாள். நீலத்தில் மஞ்சள். சும்மா இருந்த குரங்குக்கு வால் வைத்த மாதிரி இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, சொல்ல யோக்கியதை இல்லை. அவளும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அணியின் பெயரை அந்த மஞ்சளில் அச்சடிக்க வேண்டும் என்றாள். பின்னால் யார் பார்ப்பார்கள் என்று நீதானே சொன்னாய் என்றேன். "அந்த ஹால் நாற்காலியப் படத்துல பாத்தேம்மா. முதுகுப் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. இங்க மட்டும்தான் எதுவும் உரசாது" என்றாள். பதறி நிற்கிற நேரத்தில் நாற்காலியின் இடைவெளியை நினைக்கிற மூளை யாருடையது என்று யோசித்தேன். என்னுடையது இல்லை, நிச்சயம். உங்கள் பக்கம்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலுக்கு நானும் செக்கிங் அக்காவும் போனோம். விளையாடுகிறவர்கள் பெரிய திரையைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எப்பேர்ப்பட்ட காட்சி தெரியுமா? ஒவ்வொரு அணியிலும் சட்டை மேலே ஏறி, நிமிஷத்துக்கொரு தடவை ஒரு கை பின்னால் வந்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது. இழுக்கிற நேரம் பார்த்து எதிராளி போட்டுத் தள்ளிவிடுகிறான். நம் ஐந்து பேர் மட்டும் ஒரு தடவைகூடப் பின்னால் கை கொண்டு வரவில்லை. நாற்காலி இடைவெளியில் மஞ்சள் பட்டையும் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. எனக்குப் பின்னால் இருந்த பையன்கள் "மஞ்சப்பட்டை! மஞ்சப்பட்டை!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். செக்கிங் அக்கா என் தொடையில் கிள்ளி, "நாம வெட்டலேன்னா இது வந்திருக்குமா?" என்றார். எவ்வளவு தைரியம் பாருங்கள். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயித்தார்களா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? இல்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே நம்மவர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். ஆனால் சட்டை ஏறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியின் தலைவனே இவளைத் தேடி வந்தான். கூடவே இன்னும் இரண்டு அணிகள். சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நம் மகள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவனை உட்கார வைத்து, எங்கே இழுக்கிறது, எங்கே ஏறுகிறது என்று சொல்லச் சொல்ல, சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் பொண்ணு" என்றேன். அவர் கேட்கவேயில்லை. இன்னொரு தடவையும் சொன்னேன்.

அப்போதுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது. "ஆர்டர எங்க அம்மாகிட்ட குடுங்க. வெட்டற விதத்த நான் எழுதி வச்சிட்டுப் போயிடுவேன். ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் வேற வேலைக்குப் போறேன்." என்ன வேலை என்று அந்தப் பையன் கேட்டான். "கப்பல் கம்பெனி ஆபீஸ்ல. எங்க அப்பா வாங்கிக் குடுத்தது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் "என் பொண்ணு" என்று சொன்னபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் பெருமை அப்பாவைப் பற்றியது, வேலையைப் பற்றியது இல்லை. பஸ்ஸில் கேட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அப்பா யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லம்மா. லீவு வேணும்னுகூடக் கேட்டதில்ல. எனக்காக ஒருத்தர் முன்னாடி போய் நின்னு கேட்டிருக்காரு. அத எப்படிம்மா வேண்டாம்னு சொல்றது?" என்றாள். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அன்று வாயை நம்பாமல், இறங்கினதும் இந்தக் கடிதத்துக்குக் காகிதம் வாங்கினேன்.

ஆபீஸ் வேலையையும் அவள் நன்றாகத்தான் செய்வாள். உங்கள் பெயரைக் காப்பாற்றுவாள். அதில்தான் எனக்குப் பயமே. நன்றாகச் செய்துவிட்டால் அப்புறம் யாரும் அவளைத் திரும்ப விடமாட்டார்கள், அவளும் வாய் திறந்து கேட்க மாட்டாள், அச்சு அசல் உங்களைப் போல. வேண்டாம் என்று நான் தடுத்தால் அப்பா வார்த்தையை அம்மா கெடுத்தாள் என்று ஆகிவிடும். ஆகையால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பேசி வைத்த அந்த அதிகாரியிடம், மகளுக்கு ஒரு விளையாட்டு உடை யூனிட்டில் டிசைன் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். பொய் இல்லை. முதலாளியம்மா மட்டும் கொஞ்சம் மோசம், அதை அவரிடம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. உங்களுக்கு ஒரு வேலைச் சட்டை தைக்கிறேன் என்று நேற்று துணி எடுத்து வைத்தாள். "அப்பா எஞ்சின் ரூம்ல நின்னுட்டே வேலை செய்வாரா, குனிஞ்சா, மல்லாந்தா? கை மேல இருக்குமா கீழ இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள், எப்படிக் குறட்டை விடுவீர்கள், எல்லாம் மனப்பாடம். வேலையில் எப்படி இருப்பீர்கள் என்று நான் கேட்டதுமில்லை, நீங்கள் சொன்னதுமில்லை. அவளுக்கு எழுதுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே உரசுகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். துணி வெட்டாமல் மேஜைமேல் இருக்கிறது. மாதம் பிறப்பதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் அதை அவளே வெட்டுவாள்.

ஏணியில் பார்த்து ஏறுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா