ஈயச் சொம்பும் இரட்டை முகடும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ராத்திரி மணி ஒன்றரை. நீ போய் இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒரு வரி எழுதாதவள், பயம் வந்ததும் உன்னிடம் வந்து நிற்கிறேன்.

போன வியாழக்கிழமை டாக்டரிடம் போவதற்காகப் பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடிச் சர்டிபிகேட் ஃபைலைக் கட்டிலில் கொட்டினேன். மடித்த வரைபடம் ஒன்று விழுந்தது. நம் எம்.எஸ்ஸி. பிராஜெக்ட்டுடையது. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: “இவ வீட்டு ரசம்.” முதலில் சிரித்தேன். அப்புறம்தான் வரைகோட்டில் ஏறி இறங்கிய முகடுகளைப் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். டெல்டா வயல் மண்ணை வில்லை வில்லையாக அழுத்தி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் ரயிலில் அந்தத் துகள் முடுக்கி ஆய்வகத்துக்குப் போனோம். புரோட்டான் கற்றை வில்லைக்குள் பாயும். அணுவின் உள்ளடுக்கிலிருந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிடும். மேலடுக்கிலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு இறங்கும்போது எக்ஸ் கதிர் வெளிவரும். எந்தத் தனிமமோ அதற்கே உரிய ஆற்றலில். வைவாவில் நான் திணறியதும் நீ குறுக்கே புகுந்தாய். “சார், எங்க மன்னார்குடி பஸ் மாதிரிதான். முன் சீட்டு காலியானா பின்னாடி நிக்கிறவன் பாய்ஞ்சு வந்து உக்காருவான். வர்றப்ப ஒரு சத்தம் போடுவான். அந்தச் சத்தத்த வெச்சே எந்த ஊர்க்காரன்னு சொல்லிடலாம்.” தேர்வாளர்களே சிரித்துவிட்டார்கள்.

மாதிரிகளை மாட்டும் சக்கரத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. என் ஜாமெட்ரி பாக்ஸில் அம்மாவின் ஈயச் சொம்பு உருகிய துண்டு கிடந்தது. ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும். எத்தனையோ வருடம் ரசம் வைத்தவள், போன் பேசிக்கொண்டே பற்றவைத்துவிட்டாள். இதையும் வைத்துப் பார்ப்போமா என்று நான் கேட்டதும் நீதான் சக்கரத்தில் மாட்டினாய். திரையில் வெள்ளீயத்தின் முகடுகள் எழுந்தன. நல்ல சொம்பில் அது மட்டும்தான் இருக்க வேண்டும். நடுவில், இருக்கவே கூடாத காரீயத்தின் இரட்டை முகடு.

“ஏய், உங்க அம்மா ரசத்துல விஷமும் சேந்து கொதிக்குதுடி.”

“நல்லா பெருசா தெரியுதே?”

“உயரத்த பாத்து முடிவு பண்ணாத. உயரம் வேற, அளவு வேற. இரு, கணக்கு போட்டுச் சொல்றேன்.”

மறுநாள் காலை உன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாய். நான்தான் தடுத்தேன். சொல்லாதே, அந்தச் சொம்புதான் போயிற்றே, அம்மாவுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்றேன்.

“அப்ப எதுக்குடி பீம்ல வெக்கச் சொன்ன?”

“சும்மா.”

“சும்மா வெச்சா சும்மா போயிடுமா?” என்று நோட்டை மூடினாய். அந்த எண்ணை நான் கேட்கவே இல்லை.

உருகிய கட்டியை அம்மா அதே கடையில் மாற்றிப் புதுச் சொம்பு வாங்கினாள். என் கல்யாணச் சீரில் வந்தது அதுதான். பழையதை உருக்கித்தானே புதியதை வார்ப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஏழாம் மாதத்திலிருந்து பாப்பாவுக்கு அந்தச் சொம்பு ரசத்தில்தான் சாதம் பிசைந்து ஊட்டினேன். புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க. இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. உள்ளங்கை வெளுத்திருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிய டாக்டரிடம், காரீயம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். “எதுக்கும்மா? ஜன்னல் பெயின்ட்ட சொரண்டித் தின்னுச்சா?” என்றார். ஆமாம் என்றேன். அம்மா கொடுத்த சீரைச் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமைதான் முடிவு வருமாம்.

உன் வீட்டுக்குப் போன் செய்தேன். “நோட்டெல்லாம் அப்பவே பழைய பேப்பருக்குப் போட்டுட்டோம்மா. பாக்கவே முடியல” என்றார் உன் அம்மா. ஸ்கூட்டியில் காலேஜுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பிய நீ திரும்பாத அந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். அதற்குமேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தேன். அத்தைக்குக் காரணம் சொல்லவில்லை. இன்று மத்தியானம் துணி உலர்த்திவிட்டுக் கீழே வந்தால், அத்தை மடியில் பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சொம்பு.

“நீ வெச்சத வாயிலயே வெக்கலம்மா. நான் எடுத்து இதுல ஒரு கொதி விட்டேன். பாரு, நாலு வாய் உள்ள போயிடுச்சு!”

கிண்ணத்தைப் பிடுங்கினேன். பாப்பா வீறிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்: வரைபடம், நீ, டாக்டரிடம் சொன்ன பொய். கத்துவார் என்று நினைத்தேன். அத்தை பாப்பாவின் வாயைத் திரும்பத் திரும்ப முந்தானையால் துடைத்தார். “தெரிஞ்சிருந்தா ஊட்டியிருப்பனா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றார். அவ்வளவுதான். ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நாளை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அம்மாவிடமும். உன்னிடம் கேட்காமல் விட்டதைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்திருக்கிறேன், தெரியாமலே. இனி யார் என்ன சொல்ல வந்தாலும் காதை மூடிக்கொள்ள மாட்டேன்.

பாப்பா தூக்கத்தில் முனகுகிறாள். உன் கணக்கில் நூற்றுக்கு எவ்வளவு காரீயம் என்று வந்தது? ஒன்றா, பத்தா? எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போடு.