இரண்டாவது பயணி

21 ஜூலை 2025, திங்கள்

தொண்ணூற்றிரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கொலை செய்தது வைத்தியர். மீதி நூறு பக்கத்தையும் அவன் எப்படி மாட்டுகிறான் என்று பார்ப்பதற்காகவே படித்தேன். சேலம் வண்டி இருபது நிமிடம் லேட், சங்கராபுரம் வண்டி வரவே இல்லை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் டைம் கீப்பர் அறையில் ஃபேன் ஓடவில்லை. இந்த முப்பது வருடத்தில் வந்து கத்திய பயணிகளை வரிசையில் நிறுத்தினால் கச்சிராயபாளையம் வரை போகும். அதில் எதற்காவது ஒரு முடிவு உண்டா? புத்தகத்தில் உண்டு. ஒரு வீடு, ஏழு பேர், ஒரு பிணம். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே தேடலாம். தடயம் எல்லாம் நம் கண்ணெதிரிலேயே இருக்கும். ஏமாந்தால் அது நம் தப்பு.

வீட்டில் மனைவி விஜயாவிடம் கதையைச் சொன்னேன். "செத்தவனுக்காவ ஒருத்தர்கூட அழுவறதில்லையே உங்க கதையில" என்றாள். அழுது கொண்டிருந்தால் யார் கண்டுபிடிப்பது?

26 ஜூலை, சனி

கரும்புக்குத் தண்ணீர். இடுப்பு விட்டுப் போயிற்று.

30 ஜூலை, புதன்

பேனா தேடி மகள் ராதிகாவின் கைப்பையைத் திறந்தேன். பேனா இல்லை, பஸ் டிக்கெட் இருந்தது. தியாகதுருகத்திலிருந்து விழுப்புரம். போன புதன், காலை ஏழு பத்து. பெரியவர்: 2.

அன்று அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் கொண்டிருந்திருக்க வேண்டும். விழுப்புரத்துக்குப் போகிறவள் இங்கே ஏறாமல் தியாகதுருகம் போய் ஏறுவானேன்? இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான். அது சரி. கூட வந்த இரண்டாவது ஆள் யார்?

ஆடி முடிந்ததும் ஆவணி பன்னிரண்டில் அவளுக்கு நிச்சயதார்த்தம். திருநாவலூர் வீரமுத்துவின் மகன் அறிவுச்செல்வன், நல்ல பையன். மண்டபம்வரை பேசியாயிற்று. விஜயாவிடம் சொல்லவில்லை. பாவம், அவள் அன்று தியாகதுருகத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

6 ஆகஸ்ட், புதன்

எழுதி வைத்துக்கொள்கிறேன். ராதிகா மாடியில் போனில் பேசி அழுகிறாள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறாள். அம்மாவைக் குடம் தூக்கவே விடுவதில்லை, துணியெல்லாம் அவளே துவைக்கிறாள் — குற்ற உணர்ச்சி. விஜயா சரியாகச் சாப்பிடுவதில்லை — கல்யாணக் கவலை. எல்லாம் பொருந்தி வருகிறது. பொருந்தி வருவதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது. சொந்தப் பெண் விஷயத்தில் இப்படி எழுதுகிற நானும் ஒரு தகப்பன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு



எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தேன். விஜயா, ராதிகா, சம்பந்தத்தைக் கொண்டுவந்த மைத்துனன் சின்னதுரை. கதையில் செய்வது போலவேதான். டிக்கெட்டை டீப்பாய்மேல் வைத்தேன். தேதி, நேரம், ஏன் தியாகதுருகம் — ஒவ்வொன்றாகச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், அதை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சின்னதுரை, "மாமா, இன்னா இது, பொண்ணை வச்சிகினு..." என்றான். நான் நிறுத்தவில்லை.

"யாரு அந்த ரெண்டாவது ஆளு? நீயே சொல்லிடு" என்றேன்.

ராதிகா அம்மாவைப் பார்த்தாள். விஜயா எழுந்திருக்கக்கூட இல்லை.

"நாந்தாங்க. நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்ல கட்டி. புத்துநோவுன்னு சொல்லிட்டாங்க."

 சின்னதுரைதான் முதலில் அழுதான்.

11 ஆகஸ்ட், திங்கள்

வேலைக்குப் போகவில்லை. இவ்வளவு நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சித்திரையிலயே கையில தட்டுப்பட்டுது. பொண்ணு எடுக்கறவங்க, ஆத்தாளுக்கு இன்னா நோவுன்னுதானே மொதல்ல கேப்பாங்க? நாளைக்கு இவளுக்கும் வரும்னு வாணாம்னுட்டா? நிச்சயம் முடியட்டும், அப்பறம் படுத்துக்கலாம்னு இருந்தேன். உங்களாண்ட சொன்னா நீங்க நேரா போயி அவங்ககிட்ட சொல்லிடுவீங்க."

ராதிகா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "டாக்டரு உடனே அறுக்கணும்னாருப்பா. அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிகினு வாயைக் கட்டிடுச்சி. போன்ல சித்திகிட்டதான் அழுதேன்."

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நான்கு மாதம் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ். குடம் தூக்கவில்லை, சாப்பிடவில்லை, தியாகதுருகம் போனாள். அத்தனையும் பார்த்தேன். அத்தனையையும் பெண்மேல் போட்டேன். ஏன் விஜயாவை நினைக்கவே இல்லை? அவளுக்கு ஒன்றும் வராது என்று யார் சொன்னது எனக்கு? அவள் என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, அதுதான் நிஜம். வெட்கமாக இருக்கிறது.

14 ஆகஸ்ட், வியாழன்

திருநாவலூர் போனேன். வேண்டாம் என்று விஜயா அழுதாள். ராதிகாதான், "போய் சொல்லிட்டு வாப்பா. மறைச்சி கட்டிகினு நான் அங்க எப்படி வாழறது?" என்றாள்.

வீரமுத்து கடைசிவரை கேட்டார். மோர் கொடுத்தார். "நீங்க சொன்னது பெரிய மனசுங்க. வூட்ல கலந்துகினு சொல்றோம்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டபோதே தெரிந்துவிட்டது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இப்போதைக்குத் தள்ளி வைப்போம் என்று சின்னதுரைக்குப் போன் வந்ததாம். எப்போது வரைக்கும் என்று அவன் கேட்கவில்லை. விஜயாவிடம் நானே சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

28 ஆகஸ்ட், வியாழன்

நிச்சயதார்த்தம் குறித்திருந்த நாள். காலை ஒன்பதுக்கு விஜயாவை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். பிற்பகல் இரண்டுக்கு வெளியே. சின்னதாக, வெளுத்து, யாரோ போல.

14 செப்டம்பர், ஞாயிறு

பொழுது போகவில்லை, ஏதாவது படிங்க என்றாள் விஜயா. "ஆனா யாராச்சும் செத்துக் கெடக்கற கதை வாணாம்." நூலகம் முழுவதும் தேடிக் கோயில் மணி காணாமல் போகிற கதை ஒன்றைக் கொண்டுவந்தேன். நாலாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். மணியை யார் எடுத்தது என்று அவள் பிறகு கேட்கவில்லை. நானும் மேலே படிக்கவில்லை. படித்தாலும் மனசு ஓடாது.

22 செப்டம்பர், திங்கள்

அக்குளில் நிணநீர் முடிச்சுகளிலும் பரவியிருக்கிறதாம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

8 அக்டோபர், புதன்

இரண்டாவது ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பகல் வண்டியில் திரும்பினோம். ஜன்னலோரம் அவள். தலையில் துண்டு.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லீங்க."

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. பார்த்தேன். பார்த்ததை வைத்து எதையும் கணக்குப் போடவில்லை. மறுபடியும் கேட்டேன், "விஜயா, வலிக்குதா?"

என் பக்கம் திரும்பினாள். "வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. கொமட்டிகினு வருது. எறங்கணும் போல இருக்குது."

உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறக்கினேன். வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள், வாய் கொப்பளித்தாள், என் தோளில் சாய்ந்துகொண்டாள். உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். டிரைவர் வேடியப்பன் தெரிந்தவன், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.

கள்ளக்குறிச்சி வந்து சேரும்போது வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதம். இறங்கும்போது வேடியப்பன், "சார், லேட்டுக்குக் காரணம் இன்னான்னு எழுதறது?" என்று கேட்டான்.

"டைம் கீப்பர் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதுப்பா" என்றேன்.